படைப்பாளிகளுக்குப் பரிசு: தாள், மை, வாழ்த்து அட்டை பார்த்து வாங்குவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வரும் பொங்கலுக்கு, வாட்டர்கலர் ஓவியம் வரையும் தங்கைக்கும், கதை எழுதும் நண்பருக்கும், நோட்டு நோட்டாகக் கோலம் போட்டுச் சேர்த்துவைத்திருக்கும் மதினிக்கும், ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மிகாமல் அழகான எழுதுபொருளோ கைவினைப் பொருளோ வாங்க வேண்டும்; கூடவே நல்ல வாழ்த்து அட்டையும் வேண்டும்; திருநெல்வேலியிலும் சுற்றுவட்டாரத்திலும் எதைப் பார்த்து வாங்குவது? பள்ளியில் ஓவியம் கற்பிப்பவன், தாளோடும் பைண்டிங்கோடும் நெடுநாள் பழக்கம் உள்ளவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

கைவேலை தெரிந்தவருக்குக் கொடுக்கும் பரிசு தீர்ந்துபோகக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடைகளில் பரிசுப் பொருள் என்று தனி அடுக்கில் வைத்திருக்கும் நோட்டுகளைப் பாருங்கள்: அட்டையில் தங்க ரேக்கு, உள்ளே ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு பூ, அடியில் ஒரு பொன்மொழி, ஆனால் தாளோ பேனா பட்டதும் மறுபக்கம் ஊறுகிற தாள். இப்படிப்பட்ட நோட்டைப் பெறுபவர் இரண்டு காரணங்களால் அதில் எழுதமாட்டார். ஒன்று, அது எழுத ஏற்றதில்லை. இன்னொன்று, அழகாக இருப்பதைக் கிறுக்கிக் கெடுப்பானேன் என்ற தயக்கம். எனவே, அவர் அன்றாடம் எதைப் பயன்படுத்துகிறார் என்பதைக் கவனித்து, அதே பொருளில், அவர் தமக்காகச் செலவுசெய்து வாங்கத் தயங்குகிற ஒருபடி உயர்ந்த தரத்தை வாங்கிக் கொடுங்கள். தினமும் கைபடுகிற பொருளாக இருந்தால்தான் கொடுத்தவரின் நினைப்பும் தினமும் வரும்.

உயர்ந்த தரம் என்றால் என்ன என்பதைத் தாளிலிருந்தே தொடங்கவேண்டும். தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்ற அளவால் குறிப்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதே அது. நாம் ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் வரை இருக்கும். கரூர் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையைக் கொண்டு தயாரிக்கும் தாளும் இந்த வகையில் நம் கடைகளில் நிறையக் கிடைக்கிறது. பால்பாயிண்ட் பேனாவுக்கும் பென்சிலுக்கும் இது போதும். மைப்பேனாவுக்கு 90 அல்லது 100 ஜிஎஸ்எம் வேண்டும். கறுப்பு மையில் கோட்டோவியம் வரைபவருக்கு 150க்கு மேல் வேண்டும். வாட்டர்கலருக்கு 300 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்த எதுவும் நீர் பட்டதும் அலையலையாக நெளிந்துவிடும். ஆனால் கனம் மட்டுமே தரம் ஆகாது. 120 ஜிஎஸ்எம் தாளிலும் மை ஊறுவதுண்டு. நன்றாகப் பசையேற்றிய 80 ஜிஎஸ்எம் தாளில் மை மணியாக நிற்பதுமுண்டு.

தங்கைக்கு வாங்கும்போது முன்னட்டையில் பருத்தி எவ்வளவு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மரக்கூழில் செய்த வாட்டர்கலர் தாள் விலை குறைவு, பழகுவதற்கு நல்லது. நூற்றுக்கு நூறு பருத்தி இழையில் செய்த தாளின் குணமே வேறு. அது ஈரத்தைத் தனக்குள் நெடுநேரம் வைத்திருக்கும். ஒரு வண்ணத்தின் மேல் இன்னொன்றைப் பூசும்போது அடிவண்ணம் கலங்காது. தவறாக விழுந்த வண்ணத்தை ஈரத் தூரிகையால் ஒற்றி எடுக்கவும் முடியும். இது நம் ஊருக்கு மிகவும் முக்கியம். சித்திரை, வைகாசி வெயிலில் மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து வானத்துக்கு நீலம் பூசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தாளின் மறுமுனைக்குத் தூரிகை போய்ச் சேருவதற்குள் தொடங்கிய முனை காய்ந்து கோடு விழுந்துவிடும். பருத்தித் தாளில் அந்தக் கோடு அவ்வளவு விரைவில் விழாது. பயிற்சித் தாளிலேயே பழகியவர் முதன்முறையாகப் பருத்தித் தாளில் வரையும்போது, இத்தனை நாள் தன் கையின் குறை என்று நினைத்திருந்தது தாளின் குறை என்று கண்டுகொள்வதை வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன். வண்ணப் பெட்டியைவிடத் தாளே உயர்ந்த பரிசு என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இந்தத் தாளில் மூன்று வகை மேற்பரப்பு உண்டு. ஹாட் பிரஸ் வழவழப்பானது, நுணுக்கமான பேனா வேலைக்கு உகந்தது; ரஃப் மிகச் சொரசொரப்பானது; கோல்டு பிரஸ் இரண்டுக்கும் இடைப்பட்டது. எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால் கோல்டு பிரஸ் வாங்குங்கள். புத்தகமாகக் கட்டியதைவிட முழுத்தாளாக வாங்குவது சிக்கனம். முழுத்தாள் 22 அங்குலத்துக்கு 30 அங்குலம் இருக்கும். அதை எட்டாகப் பிரித்தால் பதினொன்றுக்கு ஏழரை அங்குல அளவில் எட்டுத் துண்டுகள் கிடைக்கும். கத்தியால் வெட்டாமல், மடித்து நன்றாக அழுத்தி, மடிப்பை முன்னும் பின்னுமாக இரண்டுமுறை திருப்பி, இரும்பு அளவுகோலை வைத்துக் கிழித்தீர்களானால், கைத்தாளின் ஓரம்போல மெல்லிய பிசிறோடு அழகாக வரும். இறக்குமதித் தாள் உங்கள் தொகையில் ஒன்றிரண்டுக்கு மேல் அடங்காது. உள்நாட்டில் பருத்தித் துணிக்கழிவிலிருந்து செய்யும் கைத்தாள் தாராளமாக அடங்கும். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் இதில் பெயர்பெற்றது. ஒரு எச்சரிக்கை: பூவிதழும் வைக்கோலும் பதித்த அலங்காரக் கைத்தாள்கள் பொதியவும் அட்டை போடவும் ஏற்றவை, வரைவதற்கு ஏற்றவை அல்ல. சந்தேகமிருந்தால் கடைக்காரரிடம் ஒரு துண்டு கேட்டு, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சில நொடிகளாவது முத்தாக நின்றால் பசையேற்றிய தாள். வைத்த உடனே கறைபோலப் பரவினால் அது மையையும் வண்ணத்தையும் அப்படித்தான் உறிஞ்சும்.

வண்ணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 48 நிறப் பெட்டியைவிட 12 நல்ல நிறங்கள் மேல். வண்ணக் குழாயின் பின்புறம் எந்த நிறமியால் செய்தது என்ற குறி இருக்கும். அல்ட்ராமரின் நீலத்துக்கு பிபி29 என்பது போல. குழாயில் ஒரே ஒரு நிறமியின் குறி மட்டும் உள்ள வண்ணங்கள் கலக்கும்போது அழுக்காகாமல் தெளிவாக வரும். ஒளியில் வெளிறாத தன்மையை நட்சத்திரக் குறியாலோ எழுத்தாலோ காட்டியிருப்பார்கள். பளிச்சென்று கண்ணைப் பறிக்கும் ஃபுளோரசன்ட் நிறங்கள் பெரும்பாலும் விரைவில் வெளிறிவிடும். தூரிகை வாங்குவதானால் ஆறு சிறிய தூரிகைகளுக்குப் பதிலாக 8ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்றைத் தேர்ந்து வாங்குங்கள். நனைத்து உதறியதும் அதன் முனை ஊசியாகக் கூட வேண்டும். அப்படிக் கூடினால் அந்த ஒன்றே அகலப் பூச்சுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உதவும்.

நண்பருக்கு நோட்டு வாங்கும்போது முதலில் அதன் முதுகைப் பாருங்கள். நடுவில் விரித்தால் மடிப்புகளுக்கு உள்ளே நூல் தெரிகிறதா என்று தேட வேண்டும். நூல் தெரிந்தால் தையல் பைண்டிங். அது மேசையில் படிந்து விரியும், எழுதும் கையை மடிப்பு மேடு தடுக்காது. நூல் இல்லாமல் பசை மட்டும் இருந்தால் அது கம் பைண்டிங். நம் வெயிலில் அந்தப் பசை இறுகி, ஓரிரு ஆண்டுகளில் ஏடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழலாம். கதை எழுதுபவர் முன்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர் ஆகையால் இது சிறிய விஷயமில்லை. கோடிட்டதா கோடில்லாததா என்பது அவரவர் பழக்கம். அவருடைய பழைய நோட்டு ஒன்றைத் தற்செயலாகப் பார்ப்பதுபோல் பார்த்துவிடுங்கள். கோடிட்டது என்றால் கோடு மெல்லிய சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். அழுத்தமான நீலக்கோடு மையோடு போட்டி போடும்.

கடையில் மனதுக்குப் பிடித்தது கிடைக்காவிட்டால் கட்டிக்கொள்ளலாம். என் பரிந்துரையும் இதுவே. திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும், பேரேடுகளும் கல்லூரி ஆய்வேடுகளும் கட்டித் தரும் பைண்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். கலிக்கோ துணியும் தோல் மூலையும் வைத்துக் கணக்குப் பேரேடு கட்டிய கைகளுக்கு ஒரு கதை நோட்டு மிக எளிய வேலை. 100 ஜிஎஸ்எம் தாளில், ஏ5 அளவில், எட்டுத் தாளைச் சேர்த்து நடுவில் மடித்த ஆறு மடிப்புகளாகத் தைத்தால், தாளுக்கு நான்கு பக்கமாக 192 பக்கம் வரும். உள்தாளின் எடை ஏறத்தாழ 300 கிராம். தோள்பையில் சுமக்க இதுவே சரியான அளவு. ஒன்றை மட்டும் பைண்டரிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள்: ரீமில் வரும் ஏ4 தாளைப் பாதியாக மடித்துத் தைக்க வேண்டாம், பெரிய தாளை வாங்கி வெட்டிக்கொள்ளட்டும். தாளுக்கு இழையோட்டம் உண்டு. ரீம் தாளில் அது பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால், பாதியாக மடிக்கும்போது மடிப்பு இழைக்குக் குறுக்கே விழுந்து, நோட்டு விரியாமல் விறைத்து நிற்கும். இழையோட்டம் முதுகுக்கு இணையாக இருந்தால் ஏடு தானாகச் சாய்ந்து படியும். மேலட்டைக்கு வீரவநல்லூர்க் கைத்தறிப் பருத்தித் துணி ஒரு துண்டு போதும். அந்த ஊர் செடிபுட்டாச் சேலைக்குப் பெயர்பெற்றது. வீட்டில் பழைய சேலை இருந்தால், அதில் பூ விழுந்த இடமாகப் பார்த்துக் கொடுத்தால் முன்னட்டை தானே அமைந்துவிடும்.

மைப்பேனா கொடுக்க விரும்பினால் நிப்பின் அகலத்தைக் கவனியுங்கள். ஆங்கிலம் எழுதுபவருக்கு நன்றாக இருக்கும் மீடியம் நிப், தமிழில் சற்றுச் சிறியதாக எழுதும்போது ‘ண’, ‘ஞ’, ‘ழ’ ஆகியவற்றின் சுழிகளை அடைத்துவிடும். தமிழுக்கு ஃபைன் நிப்பே பொருத்தம். எபோனைட் என்ற கடின ரப்பரில் கடைந்து செய்யும் பேனாக்கள் நம் நாட்டின் பெருமைக்குரிய கைவினை; ராஜமுந்திரியிலும் திருவள்ளூரிலும் இன்றும் செய்கிறார்கள்; ஆனால் நல்லது ஒன்று உங்கள் தொகைக்குள் வருவது அரிது. மேலும், உடலுக்குள் நேரடியாக மை நிரப்பும் பேனாவில், மை பாதிக்குக் கீழே இறங்கியபின் கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். கோடையில் இது சொட்டாகவே விழும். ஆகவே மை அடைத்த கார்ட்ரிஜோ, மையை உறிஞ்சி நிரப்பிக்கொள்ளும் கன்வெர்ட்டரோ உள்ள எளிய பேனாவும், ஒரு புட்டி நல்ல மையும் போதும். படம் வரையும் இந்தியன் இங்க்கை மட்டும் தவறியும் கூட வைத்துவிடாதீர்கள். அதில் அரக்குப் பசை சேர்ந்திருப்பதால், காய்ந்ததும் பேனாவின் ஊட்டுக்குழல் நிரந்தரமாக அடைபட்டுவிடும். அது தொட்டு எழுதும் நிப்புக்கும் தூரிகைக்கும் உரியது.

மதினிக்கு வாங்கும் பரிசைத்தான் நீங்கள் கடைசியில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் மிகுந்த மகிழ்ச்சி தந்தது. வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தும் படைப்பென்று எண்ணாமல் விட்டுவிடுகிற கலை அது. லாங் சைஸ் கோடிட்ட நோட்டில் கையால் புள்ளி வைத்து, மகளின் ஸ்கெட்ச் பேனாவால் நிறம் தீட்டி வருபவருக்குப் புள்ளி அச்சிட்ட நோட்டு ஒன்று கிடைத்தால் எவ்வளவு உதவியாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் வெளிறிய புள்ளிகள் அச்சிட்ட நோட்டுகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு அவை அப்படியே உதவும். இடுக்குப் புள்ளிக்குச் சிறிய உபாயம் தேவை: ஒரு வரிசையில் ஒன்றுவிட்டு ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, அடுத்த வரிசையை முழுவதும் விட்டு, அதற்கும் அடுத்த வரிசையில் ஒரு புள்ளி தள்ளித் தொடங்கினால், ஏறக்குறைய சரியான இடுக்கு அமைந்துவிடும். பக்கத்துப் புள்ளிக்கு 10 மில்லிமீட்டரும் சாய்வுப் புள்ளிக்குச் சற்றே கூடுதலாக 11 மில்லிமீட்டரும் வரும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அளவை மட்டும் பெரிதாக வாங்குங்கள். ‘15 புள்ளி, 8இல் நிறுத்தவும்’ என்று சொல்லும் கோலம், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் 14 சென்டிமீட்டர் அகலம் பிடிக்கும். ஏ5 தாளின் அகலமே 14.8 சென்டிமீட்டர்தான், மூச்சுவிட இடமிராது. ஏ4 அளவில் வாங்கினால் ஓரத்தில் கோலத்தின் கணக்கை எழுதவும் இடம் இருக்கும். கூடவே 0.5 அளவில் கறுப்பு ஃபைன்லைனர் இரண்டும், நல்ல கலர் பென்சில் ஒரு பெட்டியும் வையுங்கள். பிரஷ் பேனா அழகாக இருந்தாலும் மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறி அடுத்த கோலத்தைக் கெடுக்கும்.

இனி வாழ்த்து அட்டை. மார்கழி பிறந்தால் கடை வாசல்களில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்துகளைத் தொங்கவிட்ட காலத்தை நம் வயதினர் மறக்க முடியாது. அந்த அட்டைகள் பெரும்பாலும் சிவகாசியிலிருந்து வந்தவை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கிய அச்சகங்களே காலண்டருக்கும் வாழ்த்து அட்டைக்கும் விரிந்தன. அவற்றுக்குப் படம் கொடுத்தவர்களில் தலையாயவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976). நாடகத் திரைச்சீலை எழுதும் ஓவியராக அந்த ஊருக்கு வந்து, அங்கேயே தங்கி, சீடர்களை உருவாக்கி, தென்னாட்டு வீடுகளின் பூஜையறைச் சுவரையே தம் தூரிகையால் நிரப்பியவர் அவர். 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை கோவில்பட்டி நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பாணியில் அமைந்த பழைய பொங்கல் வாழ்த்து ஒன்று பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஓவியம் தெரிந்த தங்கைக்கு அதைச் சட்டமிட்டுக் கொடுப்பது புதிய அட்டை எதையும்விட மேலானது.

புதிய அட்டை வாங்குவதென்றால், உள்ளே எதுவும் அச்சிடாத அட்டையையே தேடுங்கள். எழுதத் தெரிந்தவருக்கு அச்சிட்ட வாசகத்தின் கீழ்க் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பது எனக்கு உவப்பில்லை. அடுத்து, உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பான ஆர்ட் போர்டில் மைப்பேனா எழுதினால் மை காயாமல் ஈஷிக்கொள்ளும். மேலே லாமினேஷன் இருந்தால் ஒட்டவே ஒட்டாது. வெளிப்பக்கம் பளபளப்பாகவும் உட்பக்கம் மங்கலாகவும் உள்ள அட்டை எழுதுவதற்கு ஏற்றது. மடிப்பையும் பாருங்கள்: மடிப்புக் கோட்டில் வண்ணம் வெடித்து வெள்ளை தெரிந்தால், முன்கூட்டியே பள்ளமிடாமல் மடித்திருக்கிறார்கள், அல்லது இழைக்குக் குறுக்கே மடித்திருக்கிறார்கள் என்று பொருள். மின்னும் தூள் ஒட்டிய அட்டையை ஓவியருக்குக் கொடுக்காதீர்கள். அந்தத் தூள் ஈர வண்ணத்திலும் தூரிகையிலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

நீங்களே அட்டை செய்ய எண்ணினால், உறையின் அளவை முடிவுசெய்தபின் அட்டையை வெட்டுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏ5 தாளை மடித்தால் ஏ6 அட்டை; அதற்கு சி6 உறை, அதாவது 114க்கு 162 மில்லிமீட்டர், சரியாகப் பொருந்தும். தபாலில் அனுப்புவதானால் எடையும் கணக்குக்கு வரும். கடிதத்துக்கு முதற்படிக் கட்டணம் 20 கிராம் வரைதான். 300 ஜிஎஸ்எம் ஏ4 தாளை மடித்துச் செய்த அட்டை மட்டுமே 19 கிராம் நெருங்கும். உறையும் சேர்ந்தால் தாண்டிவிடும். அதே தாளின் பாதியில் செய்த சிறிய அட்டை ஒன்பதரை கிராம்தான்; உறையும், உள்ளே வைக்கும் ஒரு தனித் தாளும் சேர்ந்தாலும் 20க்குள் அடங்கும். முத்தோ சிப்பியோ ஒட்டிப் புடைப்பான அட்டை செய்தால் தபால் முத்திரை இயந்திரத்தில் நசுங்கும். அதை நேரில் கொடுங்கள்.

நம் பக்கத்து வழக்கத்தையும் மனதில் கொள்ள வேண்டும். முழுக் கறுப்பு உறையும் கறுப்பு ஓரமிட்ட அட்டையும் இன்றைய வடிவமைப்பில் மிக நேர்த்தியாகவே இருக்கின்றன. ஆனால் கறுப்பு ஓரம் என்றால் துக்கச் செய்தி என்று பழகிய வீடுகளில், கடிதத்தை முதலில் கையில் வாங்கும் ஆச்சிக்கு அது திக்கென்று இருக்கும். பொங்கலுக்கு அனுப்பும் அட்டைக்குக் கறுப்பு உறை வேண்டாம். மங்கலக் கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவும் வழக்கத்தை உறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மஞ்சள் நிறம் வெயிலில் வெளிறும், சோப்பு ஈரம் பட்டால் சிவக்கும், எனவே பல ஆண்டு பாதுகாக்க வேண்டிய ஓவிய அட்டையின் மேல் அது படாமல் இருப்பது நல்லது.

நம் மண்ணின் கைவினைப் பொருள்களையும் கேட்டிருந்தீர்கள். இவற்றில் முதலிடம் பத்தமடைக்கு. தாமிரபரணிக் கரையின் கோரையை ஊறவைத்து, மெல்லியதாகக் கீறி, பருத்தி நூல் பாவில் நெய்யும் அந்தப் பாய், துணிபோல மடியும். புவிசார் குறியீடும் பெற்றது. பாயாகவே வாங்க வேண்டியதில்லை. அதே நெசவில் பையும் கோப்புறையும் தைத்து விற்கிறார்கள். தங்கைக்குத் தூரிகைகளைச் சுருட்டி வைக்கும் உறை ஒன்றைப் பத்தமடைப் பாய்த் துண்டில் தைத்துக் கொடுங்கள்: ஓரம் முழுவதும் பருத்தித் துணிக் கரை, உள்ளே தூரிகைகளைச் செருகத் தனித்தனித் தையல், கட்டுவதற்கு நாடா. கோரை நாரின் இடைவெளியில் காற்று புகுவதால் தூரிகைக் காம்பு புழுங்காது. இருந்தாலும் ஈரத் தூரிகையை அப்படியே சுருட்டினால் கோரையில் பூஞ்சை பிடிக்கும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் மரக்கடைசல்காரர்களிடம் பேனா ஸ்டாண்டு கேட்டால் அரக்கு வண்ணம் ஏற்றிக் கடைந்து தருவார்கள். மேசையில் அதன் சிவப்பும் மஞ்சளும் பல ஆண்டுகள் மங்காது. காருக்குறிச்சி மண்பாண்டத்தைப் பென்சில் வைக்கப் பயன்படுத்தலாம். வண்ணம் கலக்க உதவாது, ஏனெனில் மெருகிடாத மண் வண்ணத்தையும் நீரையும் குடித்துவிடும். கலக்க வெள்ளைப் பீங்கான் தட்டே நல்லது. எல்லாவற்றையும் வைத்துக் கொடுக்க, திருச்செந்தூர், உடன்குடி, மணப்பாடு பக்கம் முடையும் பனையோலைப் பெட்டியைவிடச் சிறந்த பெட்டி இல்லை. மினுமினுப்புத் தாளைக் கிழித்து எறிவார்கள், ஓலைப்பெட்டியை வைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் விசாரித்துப் பாருங்கள். அஞ்சல் துறையின் ‘மை ஸ்டாம்ப்’ திட்டத்தில், நாம் கொடுக்கும் படத்தை அஞ்சல்தலையோடு சேர்த்து அச்சிட்டு, ஒரு தாளுக்கு 12 தலைகளாகத் தருகிறார்கள். தங்கை வரைந்த ஓவியத்தைத் தெளிவாகப் படமெடுத்துக் கொடுத்து அப்படி ஒரு தாள் வாங்கினால், அதை ஒட்டியே அவர் தம் தோழியருக்கு வாழ்த்து அனுப்பலாம்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் தங்கைக்கு உள்நாட்டுப் பருத்தித் தாள் சிலவற்றை எட்டாகக் கிழித்து, 8ஆம் எண் தூரிகை ஒன்றோடு பத்தமடை உறையில் வைப்பேன். நண்பருக்குத் தைத்த நோட்டும் ஒரு புட்டி மையும். மதினிக்கு ஏ4 புள்ளி நோட்டும், கலர் பென்சிலும், அவற்றை வைக்கும் ஓலைப்பெட்டியும். தாளும் பேனாவும் கடையில் ஒரே நாளில் வாங்கிவிடலாம். பைண்டரிடம் மட்டும் கார்த்திகை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பம் வெளிவருவதிலிருந்து தொடங்கும் ஆண்டிறுதி வேலை, டைரி, காலண்டர், கணக்கு நோட்டு என்று மார்கழியில் எல்லா அச்சகங்களையும் பைண்டர்களையும் நெருக்கும். அப்போது போனால் உங்கள் ஒற்றை நோட்டுக்கு அவர்களால் நேரம் ஒதுக்க முடியாது, பசை காய அழுத்தத்தில் வைக்க வேண்டிய அவகாசமும் கிடைக்காது.